பெங்களூரில் கோடைக்கால ஆய்வுப் பயிற்சி: கிளம்பும் முன்பும் முதல் இரு வாரங்களும்

இந்திய அறிவியல் அகாதெமி மற்ற இரு தேசிய அகாதெமிகளுடன் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வு உதவித்தொகைத் திட்டத்தின் வழியாகவோ, பேராசிரியர் ஒருவருக்கு நேரடியாக மின்னஞ்சல் எழுதியோ பெங்களூரில் உங்களுக்கு ஓர் ஆய்வகத்தில் இடம் கிடைத்திருக்கலாம். இரண்டு மாதம் என்பது கேட்க நீண்டதாகத் தோன்றினாலும், சனி ஞாயிறு போக ஏறத்தாழ 40 வேலை நாட்களே கையில் இருக்கும். அவற்றில் பத்து நாட்களை அறை தேடுவதிலும் அனுமதிச் சீட்டுக்கு அலைவதிலும் இழப்பவர்களே அதிகம் என்பதால், அந்த வேலைகளை ஊரிலேயே முடித்துவிட்டுக் கிளம்புங்கள்.

முதலில் தங்குமிடம். இந்திய அறிவியல் கழகம் யஷ்வந்த்பூரை ஒட்டியும், இராமன் ஆய்வுக் கழகம் சதாசிவநகரிலும், ஜவஹர்லால் நேரு உயராய்வு மையம் ஜக்கூரிலும், தேசிய உயிரியல் அறிவியல் மையம் பல்லாரி சாலையில் வேளாண் பல்கலைக்கழக வளாகத்திலும் உள்ளன. அதாவது நான்குமே நகரின் வடபாதியில் இருக்கின்றன. எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கும் மாமா வீட்டில் தங்கிக்கொள்ளலாம் என்று வீட்டில் சொல்வார்கள். அன்பான யோசனைதான், ஆனால் அது நகரின் தென்கோடி. காலையும் மாலையும் நெரிசலில் ஊர்ந்து வந்தால் ஆய்வகத்தில் நிற்கவே தெம்பு இருக்காது. வளாக விடுதியில் இடம் உண்டா என்று பேராசிரியரின் அலுவலகத்தில் ஏப்ரலிலேயே கேளுங்கள். இல்லையென்றால், நடந்து போகும் தொலைவில் ஒரு பி.ஜி. (மாத வாடகைக்குத் தங்கும் தனியார் விடுதி) பாருங்கள், முன்பணத்தில் எவ்வளவு திரும்பக் கிடைக்கும், மாதத்தின் நடுவில் காலி செய்தால் எவ்வளவு பிடிப்பார்கள் என்பதை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிய பிறகே பணம் அனுப்புங்கள்.

தமிழ்நாட்டு ரயில்கள் எல்லாம் நகரின் நடுவே மெஜஸ்டிக் பகுதி அருகிலுள்ள நிலையத்துக்கே போவதில்லை. சில யஷ்வந்த்பூருக்கும், சில நகரின் கிழக்கே உள்ள விஸ்வேஸ்வரய்யா முனையத்துக்கும் போகின்றன. ஆகவே பயணச்சீட்டில் நிலையத்தின் பெயரைப் பார்த்துக்கொள்ளுங்கள். கல்லூரியின் தடையில்லாச் சான்று, மாணவர் என்பதற்கான சான்று, சேர்க்கைக் கடிதம், ஆதார், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், புகைப்படங்கள் ஆகியவற்றை நகலோடு ஒரே உறையில் வையுங்கள். நம் ஊர்க் கத்திரி வெயிலை நினைத்துக் குடையை விட்டுவிட்டு வராதீர்கள். அங்கே மே மாத மாலைகளில் இடியோடு மழை கொட்டும்.

முதல் நாள் பேராசிரியரைச் சந்திப்பது அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். உண்மையில் உங்களுக்கு வேலை கற்றுத்தரப் போகிறவர் முனைவர் பட்ட மாணவர் ஒருவர். அவருடைய வேலை நேரம் என்ன, எந்தக் கருவியைக் கேட்காமல் தொடக்கூடாது, கழிவை எந்தப் புட்டியில் ஊற்றுவது ஆகிய மூன்றையும் அன்றே கேட்டுவிடுங்கள். அந்தக் குழு அண்மையில் எழுதிய இரண்டு கட்டுரைகளையாவது ரயிலில் படித்திருந்தால் பேச்சு எளிதாகத் தொடங்கும். புரியாத இடங்களில் கோடு போட்டு எடுத்துச்செல்லலாம், அதில் வெட்கமில்லை. மூடிய காலணி கட்டாயம். கையுறையோடு கதவுப்பிடியைத் தொடும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

உயிரியல் ஆய்வகம் என்றால், யாரும் சொல்வதற்கு முன்பே பிப்பெட்டை, அதாவது சிறு அளவு திரவத்தை அளந்து எடுக்கும் கைக்கருவியை, பழகுங்கள். 100 மைக்ரோலிட்டர் தண்ணீரை எடுத்து மின்தராசில் விட்டால் 0.1 கிராம் காட்ட வேண்டும். பத்து முறை விட்டுப் பாருங்கள். எண்கள் அங்குமிங்கும் தாவினால், பெரும்பாலும் கட்டைவிரலைச் சட்டென்று விடுவதே காரணம். பிப்பெட்டின் மேலுள்ள பொத்தானைக் கட்டைவிரலால், தடை தட்டுப்படும் முதல் நிறுத்தம் வரை அழுத்தி, முனையை நீரில் வைத்து, மெதுவாக விட்டு உறிஞ்ச வேண்டும். வெளியேற்றும்போது இரண்டாம் நிறுத்தம் வரை அழுத்த வேண்டும்.

குறிப்பேட்டை அன்றன்றே எழுதுங்கள். நான் பயிற்சிக்குப் போன ஆண்டில், இரண்டாம் வாரத்தில், 24 சிறு குழாய்களின் மூடியில் மார்க்கரால் எண்ணிட்டு, மேசையைத் துடைத்த எத்தனால் துணியாலேயே அவற்றையும் துடைத்தேன். எண்கள் நீலக் கறையாகத் துணிக்கு வந்துவிட்டன. மார்க்கர் மை ஆல்கஹாலில் கரையும் என்பதை அன்று கற்றேன். மூன்று நாள் வேலை போயிற்று. குழாயின் பக்கவாட்டில் ஒட்டுநாடா ஒட்டி, அதன்மேல் பென்சிலால் எண், தேதி, உங்கள் பெயரின் முதலெழுத்து எழுதுங்கள். குழாய்கள் எந்த வரிசையில் அடுக்கப்பட்டுள்ளன என்பதைக் குறிப்பேட்டில் கட்டம் போட்டு வையுங்கள். தவறு நேர்ந்தால் அன்று மாலைக்குள் வழிகாட்டும் அண்ணனிடமோ அக்காவிடமோ சொல்லிவிடுங்கள். நான் ஒரு நாள் தள்ளிச் சொன்னதுதான் எனக்கு வழிகாட்டியவருக்குக் கோபம், குழாய்கள் அல்ல.

மொழியைப் பற்றி அஞ்ச வேண்டாம். ஆட்டோக்காரரை அங்கேயும் ‘அண்ணா’ என்றே அழைக்கலாம். ‘எஷ்டு’ என்றால் எவ்வளவு, ‘பேகு’ என்றால் வேண்டும், ‘சாகு’ என்றால் போதும். தர்ஷினி எனப்படும் நின்று சாப்பிடும் உணவகங்களில் இந்த மூன்று சொற்களோடு இரண்டு மாதத்தை ஓட்டிவிடலாம்.

இரண்டாம் வார வெள்ளிக்கிழமை, இதுவரை செய்தது, கிடைத்தது, அடுத்துச் செய்யப்போவது என ஒரு பக்கம் எழுதிப் பேராசிரியருக்கு அனுப்புங்கள். எடுத்துக்கொண்ட கேள்வி எட்டு வாரத்துக்குப் பெரிது என்றால், அதைச் சுருக்க அப்போது நேரம் இருக்கும். ஆறாம் வாரத்தில் இருக்காது.