உப்புக் காற்றில் ஓடும் ஆலை விசிறி: மாட்டும்போதும் ஓட்டும்போதும் செய்யக் கூடாத தவறுகள்

எங்கள் ராமநாதபுரம் கரையில் ஜூன் 14-ஆம் தேதியோடு மீன்பிடித் தடைக்காலம் முடியும். மறுநாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகும். அதற்கடுத்த இரண்டு நாளும் என் போன் ஓயாது. மண்டபத்திலிருந்து, தேவிபட்டினத்திலிருந்து, தொண்டியிலிருந்து எல்லாம் ஒரே பேச்சுதான்: "அண்ணே, எக்ஸாஸ்ட் ஃபேன் சுத்தல. உம்முன்னு சத்தம் மட்டும் வருது. சரக்கு வந்து இறங்கிருச்சு, உடனே வாங்கண்ணே."

நான் போய்ச் சேருவதற்குள் யாராவது ஒரு தம்பி குச்சியால் இறக்கையைத் தள்ளிவிட்டுப் பார்த்திருப்பான், ரெண்டு மூணு முறை சுவிட்சைப் போட்டு அணைத்திருப்பான். மோட்டாரைத் தொட்டால் கை சுடும், கருகிய வார்னிஷ் வாடை வரும். அப்புறம் காயில் கட்டக் கொடுத்து, அது வருகிற வரை ஷெட்டுக்குள் பெண்கள் புழுக்கத்தில் உட்கார்ந்து நண்டு உரிக்க வேண்டியதுதான்.

ஏப்ரல் 15 தொடங்கி 61 நாள் அந்த விசிறி சும்மா நின்றது. நிற்கிற விசிறி கெடாது என்று நினைப்பதுதான் இந்தக் கரையில் நடக்கிற முதல் தவறு. பேரிங்குக்குள் இருக்கும் குண்டுகள் இரண்டு மாதமும் ஒரே இடத்தில் அழுத்திக்கொண்டு இருக்கும். அந்த இடத்தில் கிரீஸ் விலகிப்போகும், ஈரம் பட்டுப் புள்ளி புள்ளியாகத் துருவேறும். வைண்டிங், அதாவது மோட்டாருக்குள் சுற்றியிருக்கிற கம்பி மேல் படிந்த உப்பு, ராத்திரிக் காற்றின் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். ஓடுகிற மோட்டாரில் அதன் சூடே ஈரத்தைக் காயவைத்துவிடும். நிற்கிற மோட்டாருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

தடைக்காலத்தில் வாரம் ஒரு தடவை மெயினை அணைத்துவிட்டு, விசிறியைக் கையால் நாலைந்து சுற்று சுற்றி, முன்பு நின்ற இடத்தில் நிற்காதபடி விட்டால் போதும். ஜூன் முதல் வாரத்திலேயே கரண்ட் கசிகிறதா என்று பார்க்கும் 500 வோல்ட் மெக்கர் மீட்டரை வைத்து வைண்டிங்குக்கும் பாடிக்கும் நடுவில் சோதித்துவிட வேண்டும். ஒரு மெகாஓமுக்குக் கீழே காட்டினால் சுவிட்ச் பக்கமே போகாதீர்கள். மூடியைக் கழற்றி வெயிலில் வைத்தோ, பக்கத்தில் 100 வாட் குண்டு பல்பை எரியவிட்டோ காயவைத்து, மறுபடி சோதித்த பிறகு ஓட்டுங்கள்.

வடக்கே தொண்டி முதல் தெற்கே மூக்கையூர் வரை, கடல் இல்லாத ஊர்களில் ஓடுகிற விசிறியை அப்படியே வாங்கி மாட்டிவிடுகிறார்கள். இங்கே விசிறி இழுக்கிற காற்றே விசிறியைத் தின்கிற காற்று. 2025 ஏப்ரலில் திறந்த பாம்பன் புதுப் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி போட்டிருக்கிறார்கள் என்றால், நம் ஷெட்டுச் சுவரில் தொங்கும் இரும்புச் சட்டம் எத்தனை நாள் தாங்கும் என்று யோசிக்க வேண்டாமா?

தேவிபட்டினத்துக் கொட்டகை ஒன்றில் ஒரு தடவை மேலே ஏறி, ஃபேன் சட்டத்தைச் சுவரோடு பிடித்திருந்த போல்ட்டில் ஸ்பேனரை வைத்தேன். வெளியே பெயின்ட் பளபளவென்று இருந்தது. லேசாகத் திருப்பினேன், தலை தனியே கையில் வந்துவிட்டது. மிச்சத் தண்டு பென்சில் முனை மொத்தத்துக்குத்தான் இருந்தது, பொறுக்கு பொறுக்காக உதிர்ந்தது. நாலு போல்ட்டில் மூன்று அப்படி. இருபது கிலோவுக்கு மேல் எடையுள்ள விசிறி அந்த நாலாவது போல்ட்டையும் சுவரோடு ஒட்டியிருந்த சிமென்டையும் நம்பித்தான் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு நேர் கீழே எட்டுப் பேர் உட்கார்ந்து வேலை பார்த்தார்கள். அந்த எட்டுப் பேரை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு அடிவயிறு கலங்கும்.

துருப்பிடிக்காத எஃகு என்று கடையில் பொதுவாகக் கேட்டால் 304 ரகத்தைக் கொடுப்பார்கள். கடலோரத்துக்கு 316 கேளுங்கள். அதில் மாலிப்டினம் சேர்ந்திருப்பதால் உப்பை நின்று தாங்கும். விலை கூடத்தான். ஆனால் ஒரு விசிறிக்குத் தேவைப்படுவது எட்டோ பத்தோ போல்ட். அலுமினிய இறக்கையைச் சாதா இரும்பு போல்ட் போட்டு முடுக்குவதும் வேண்டாம். இரண்டு வேறு உலோகம் தொட்டுக்கொண்டு நடுவில் உப்புத் தண்ணீர் நின்றால் ஒன்று மற்றொன்றை அரிக்கும். இடையில் நைலான் வாசர் கொடுங்கள்.

மோட்டார் ஐபி 55 தரத்தில், அதாவது தூசிக்கும் பீச்சுகிற தண்ணீருக்கும் தாங்குகிறதாக இருக்கட்டும். இருந்தாலும் ஒயர் உள்ளே போகிற கிளாண்டை மேல் பார்த்து வைத்தால் அந்தத் தரத்துக்கு அர்த்தமே இல்லை. கிளாண்ட் கீழ் பார்த்து இருக்க வேண்டும். ஒயர் கொஞ்சம் தொய்ந்து, வளைந்து மேலேறட்டும், வழிகிற தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். ராத்திரி ஷெட் கழுவும்போது பிரஷர் ஓஸை மோட்டார் பக்கம் காட்டாதீர்கள். இறக்கையில் படிந்த உப்பையும் செதிலையும் நல்ல தண்ணீர் தொட்ட துணியால் துடைத்தால் போதும். ஒரு இறக்கையில் மட்டும் அழுக்கு கூடிப் படிந்தாலே எடை ஒருபக்கம் இழுத்து விசிறி உதற ஆரம்பிக்கும். அந்த உதறலில் முதலில் சாவது பேரிங், அடுத்தது போல்ட்.

எந்தச் சுவரில் மாட்டுவது? இதைக் கேட்காமல் மேஸ்திரி விட்ட ஓட்டையில் மாட்டுகிறவர்கள்தான் அதிகம். வடகடல் எனும் பாக் விரிகுடா ஓரத்து ஷெட்டில் வடகிழக்குச் சுவரில் எக்ஸாஸ்ட் வைத்தால், ஐப்பசியில் தொடங்குகிற வாடை முழுக்க அதன் முகத்தில் அடிக்கும். தென்கடல் எனும் மன்னார் வளைகுடா ஓரத்தில் ஆனி ஆடிக் காற்று அதே வேலையைச் செய்யும். விசிறி காற்றோடு மல்லுக்கட்டி ஓடும், ஷெட் காலியாகாது. இன்னொரு ஆபத்து, நிறுத்திவைத்த விசிறியைக் கடல் காற்று பின்பக்கமாகச் சுற்றிவிடும். வேகமாகப் பின்னால் சுற்றிக்கொண்டிருக்கும்போது சுவிட்சைப் போட்டால் மோட்டார் அதை நிறுத்தி, திருப்பி, பிறகுதான் முன்னால் சுற்ற வேண்டும். அவ்வளவு நேரமும் கரண்ட் எக்கச்சக்கமாக இழுக்கும். வெளிப்பக்கம் தானாக மூடிக்கொள்கிற ஷட்டர் போடுங்கள், மழைச்சாரலுக்கும் அதுவே தடுப்பு.

காற்றை வெளியே தள்ளினால் அதே அளவு காற்று உள்ளே வந்தாக வேண்டும். ஈ வரும் என்று ஜன்னலை எல்லாம் அடைத்துவிட்டு, "ரெண்டு ஃபேன் பத்தல, மூணாவது மாட்டுங்க" என்று கேட்கிற முதலாளிகளிடம் நான் முதலில் கதவைத் திறக்கச் சொல்வேன். கதவை வழக்கத்தைவிடப் பலமாக இழுக்க வேண்டியிருந்தால், உள்ளே வர வழியில்லாமல் விசிறி மூச்சு முட்டுகிறது என்று பொருள். இறக்கையால் காற்றை நேராகத் தள்ளுகிற நேர் விசிறி இப்படித் திணறும்போது கரண்டும் கூட இழுக்கும். ஜன்னலைத் திறந்து கொசுவலை அடியுங்கள், அந்த வலையை வாரம் ஒருமுறை கழுவுங்கள். காற்று உள்ளே வருகிற வழி விசிறிக்கு எதிர்ச்சுவரில் இருக்கட்டும். பக்கத்திலேயே ஜன்னல் இருந்தால் அதன் வழியாக வந்த காற்று அப்படியே வெளியே போய்விடும், நடுக்கூடத்தில் இருப்பவர்களுக்கு ஒன்றும் கிடைக்காது.

சுற்றும் திசை விஷயத்தில் நானே ஒரு முறை ஏமாந்திருக்கிறேன். மூன்று பேஸில் ஏதாவது இரண்டு இடம் மாறினால் மோட்டார் எதிர்த்திசையில் சுற்றும். நேர் விசிறி என்றால் காற்று உள்ளே அடிக்கும், உடனே தெரிந்துவிடும். நத்தைக்கூடு வடிவ ப்ளோயரில் அப்படித் தெரியாது. எதிர்ப்பக்கம் சுற்றினாலும் காற்று அதே வாய் வழியாகத்தான் வரும், அளவு மட்டும் வெகுவாகக் குறையும். நான் வேலை பழகிய புதிதில் ஒரு கருவாட்டுக் குடோன் ப்ளோயரை இப்படி விட்டுவிட்டு வந்தேன். "காத்து வருதுல்ல, அது போதும்" என்று எல்லாரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். மூன்று மாதம் கழித்துப் பெல்ட் மாற்றப் போனபோதுதான் கூட்டின் மேல் இருந்த அம்புக்குறியைப் பார்த்தேன். அந்த மூன்று மாதமும் அங்கே சரக்கு சரியாகக் காயாமல் பூஞ்சை பிடித்தது. புயலுக்குப் பிறகோ கம்பம் மாற்றிய பிறகோ லைனைச் சேர்க்கும்போதும் பேஸ் மாறிப்போகலாம். கரண்ட் வந்ததும் முதல் வேலையாக அம்புக்குறியைப் பாருங்கள்.

காற்று பத்தவில்லை என்று மோட்டார் பக்கம் பெரிய புல்லி போட்டு வேகத்தைக் கூட்டுவது அடுத்த தவறு. வேகம் கூடுகிற அளவுக்குத்தான் காற்றும் கூடும். ஆனால் இழுக்கிற பவர், வேகத்தை மூன்று தடவை பெருக்கிய கணக்கில் ஏறும். வேகத்தை 10 சதவீதம் கூட்டினால் பவர் 33 சதவீதம் கூடும், 20 சதவீதம் கூட்டினால் 73 சதவீதம் கூடும். மோட்டார் சுட்டு, ஓவர்லோடு ரிலே விழுந்து கரண்டை அறுத்துவிடும். உடனே ஸ்க்ரூடிரைவரை எடுத்து ரிலேயின் முள்ளை மேலே தள்ளிவிடுகிறார்கள். அந்த ரிலே மோட்டாரின் உயிர்க்காவல். மோட்டார் தகட்டில் எழுதியிருக்கிற ஆம்பியர் எதுவோ அதில்தான் முள் நிற்க வேண்டும். 5 எச்.பி. மோட்டாருக்கு அது சுமார் ஏழரை ஆம்பியர். ரிலே விழுந்தால் விழுந்த காரணத்தைத் தேடுங்கள். ஒரு பேஸ் போய் இரண்டு பேஸில் ஓடுவதும் நம் பக்கம் சகஜம், அதற்குத் தனியாகத் தடுப்பு ரிலே கிடைக்கும், போட்டுவிடுங்கள்.

எர்த்தைப் பற்றி ஒன்று. உவர் மண்ணில் எர்த் நன்றாகப் பிடிக்கும் என்பது உண்மை. அதே மண்தான் எர்த் பைப்பையும் சீக்கிரம் தின்னும். மண்ணுக்கு மேலே முடுக்கிய நட்டு பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தால் எர்த் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். மூன்று பேஸ் மோட்டாரின் பாடிக்குத் தனித்தனியாக இரண்டு எர்த் கொடுப்பது விதி. வெறுங்காலோடு ஈரத்தரையில் நிற்பவர்கள் இருக்கிற இடத்தில் ஒன்றைக்கூடக் குறைக்காதீர்கள்.

இனிச் சொல்வது எனக்கு மனசில் நிற்கிற விஷயம். ஒரு நண்டு ஷெட்டில் தரையில் நிறுத்துகிற பெரிய விசிறிக்குப் பின்வலை இல்லை. துடைக்கக் கழற்றியவர்கள் திரும்ப மாட்டவில்லை. ஒரு அக்கா தட்டைத் தூக்கிக்கொண்டு பின்பக்கமாகக் கடந்து போனார். முந்தானை நுனியைப் பெல்ட் பிடித்தது. நான் மறுகோடியில் நின்றேன். தட்டு விழுந்த சத்தம் கேட்டுத் திரும்பியபோது அவர் குனிந்து, இரண்டு கையாலும் சேலையைத் தோளிலிருந்து உருவிவிட முயன்றுகொண்டிருந்தார். துணி கிழிந்ததால் உயிர் தப்பினார். கழுத்தில் கயிறு இறுக்கியதுபோல் சிவந்த தடம். "ஒண்ணும் இல்ல தம்பி, ஓடட்டும், வேல கெடக்கு" என்று சொல்லிவிட்டு, விழுந்த நண்டைப் பொறுக்க உட்கார்ந்துவிட்டார்.

ஆபத்தான சுழலும் பாகங்களுக்கு வேலி வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே 21-ஆம் பிரிவில் எழுதிவைத்தது. விரல் நுழையாத கண் உள்ள வலை முன்னாலும் பின்னாலும், பெல்ட்டுக்கும் புல்லிக்கும் முழு மூடி. வலை இல்லாத விசிறிக்குச் சுவிட்ச் போடுவதில்லை என்று அந்த நாளிலிருந்து வைத்திருக்கிறேன். இதனால் இரண்டு இடத்தில் வேலை போயிருக்கிறது, போகட்டும்.

கை வைக்கும் முன் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. மெயினை இறக்கி, ஃபியூஸைப் பிடுங்கி, பெட்டியைப் பூட்டி, சாவியை உங்கள் சட்டைப்பையிலேயே வையுங்கள். அணைத்த பிறகும் பெரிய விசிறி நிற்க நேரம் எடுக்கும். காற்று தள்ளிச் சுற்றாமலிருக்க இறக்கையைக் கயிறு போட்டுக் கட்டிவிட்டு வேலை பாருங்கள். கூரையில் மாட்டுவதென்றால் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டில் கால் வைக்காதீர்கள், பலகை போட்டு அதன் மேல் நடங்கள்.

ஐஸ் கம்பெனிக்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அம்மோனியா காற்றைவிட லேசு, கசிந்தால் பெரும்பாலும் மேலேதான் போகும். அதனால் இழுக்கிற வாய் கூரையை ஒட்டி இருக்க வேண்டும். அந்த விசிறியின் சுவிட்சை அறைக்கு உள்ளே வைத்தால், கசிவு நேரத்தில் அதைப் போட ஒரு ஆள் உள்ளே போக வேண்டியிருக்கும். சுவிட்ச் வாசலுக்கு வெளியே இருக்கட்டும். காற்றில் 15 முதல் 28 சதவீதம் வரை கலந்தால் அம்மோனியா தீப்பிடிக்கவும் செய்யும், ஆகவே சாதாரண மோட்டார் வேண்டாம், பொறி வெளியே வராத வகை கேட்டு வாங்குங்கள். சமையல் கேஸ் இதற்கு நேர் எதிர், அது தரையோடு தங்கும். கேன்டீனில் கேஸ் வாடை அடித்தால் எக்ஸாஸ்ட் சுவிட்சைத் தொடவே கூடாது, கதவைத் திறந்துவிட்டு வெளியே வாருங்கள்.

புது விசிறி மாட்டிய அன்றே கிளாம்ப் மீட்டர் வைத்து மூன்று பேஸிலும் எத்தனை ஆம்பியர் என்று பார்த்து, தேதியோடு ஸ்டார்ட்டர் பெட்டிக் கதவின் உள்பக்கம் பெயின்டால் எழுதிவைக்கிறேன். பேப்பரில் எழுதி ஒட்டினால் இந்தக் காற்றில் ஒரு மழைக்காலம்கூட நிற்காது. அடுத்த ஜூனில் வந்து பார்க்கிறவர் நானாக இல்லாவிட்டாலும், கதவைத் திறந்ததும் அந்த மூன்று எண்ணும் அவர் கண்ணில் படும்.