அஞ்சலையை அஞ்சலி ஆக்காதீர்கள்

கடலூர் ஓ.டி. (ஓல்டு டவுன், அதாவது முதுநகர்) பக்கம் ஏதாவது ஒரு தெருவில் நின்று "அஞ்சலை" என்று குரல் கொடுங்கள். ரெண்டு பேராவது திரும்பிப் பார்ப்பார்கள், அறுபது தாண்டியவர்களாக.

இந்தப் பெயருக்கு நடக்கும் முதல் தவறு, அதை எழுத்துப்பிழை என்று நினைத்துத் திருத்துவது. என் அத்தையின் ரேஷன் கார்டில் "அஞ்சலி" என்று அடித்துவிட்டார்கள். படித்துக் காட்டினேன். "உசுரோட இருக்கும்போதே எனக்கு அஞ்சலி போட்டுட்டானுங்களாடா?" என்றார். சிரிப்பு அன்றோடு சரி. ஆதாரில் ஒன்று, பாஸ்புக்கில் ஒன்று என்றால் பென்ஷன் வாங்கப் போகிற இடத்தில் பதில் சொல்லி மாளாது. பிரிண்ட் எடுக்கும் முன்பே திரையைக் காட்டச் சொல்லி, கடைசி எழுத்து "லை"தானா என்று பாருங்கள். அஞ்சலாட்சி என்ற வேறு பெயரையும் அஞ்சலையாகச் சுருக்கி எழுதிவிடாதீர்கள்.

"அஞ்சலைன்னா அஞ்சவில்லைன்னு அர்த்தம்" என்று மேடையில் முழங்குவதும் உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான். பேச்சில் ஒலி ஒத்துப்போவதை வைத்துப் பெயரின் வேரைச் சொல்லிவிட முடியாது.

எனக்கு எரிச்சல் தருவது வேறு. காமெடியில் பாத்திரம் தேய்க்கிற அம்மா வந்தால் பெயர் அஞ்சலை, இல்லாவிட்டால் முனியம்மா. அதனாலேயே பேத்திக்குப் பாட்டி பெயர் வைக்கக் கூசுகிறார்கள். இதே கடலூர் முதுநகரில் 1890இல் பிறந்த அஞ்சலை அம்மாள், 1927இல் சென்னையில், 1857 கிளர்ச்சியைக் கொடூரமாக அடக்கிய ஆங்கிலேயப் படை அதிகாரி நீலின் சிலையை அகற்றச் சொல்லிப் போராடிச் சிறை போனவர். சிறுமியாக இருந்த மகள் அம்மாக்கண்ணுவும் கூடவே போனாள். அந்தப் பெண்ணுக்கு லீலாவதி என்று காந்தி பெயர் மாற்றினார். அம்மா கடைசிவரை அஞ்சலையாகவே இருந்தார். 2024இல் நடிகர் விஜய் கட்சியின் விக்கிரவாண்டி மாநாட்டில் கட்-அவுட் வைத்த பிறகுதான் பலருக்கு அவரைத் தெரிந்தது என்பது நமக்கு வெட்கம்.

இது நம்ம பக்கத்துப் பட்டிக்காட்டுப் பெயர் மட்டும்தான் என்று நினைப்பதும் தவறு. கரும்புத் தோட்டக் கூலிகளாக மொரீஷியஸ் போன தமிழர்களோடு இந்தப் பெயரும் கப்பலேறியது. 1943 செப்டம்பரில் அங்கே பெல் வ்யூ ஹாரெல் தோட்டத்தில் வேலைநிறுத்தம் செய்தவர்கள் மீது போலீஸ் சுட்டதில் நாலு பேர் இறந்தார்கள். அதில் ஒருத்தி அஞ்சலை குப்பன், கர்ப்பிணி. அந்த நாட்டில் இன்று ஒரு ஸ்டேடியத்துக்கே அஞ்சலை என்று பெயர்.

அத்தையிடம் இதைச் சொன்னேன். "அங்கயாவது ஒழுங்கா எழுதியிருக்கானா?" என்று கேட்டார்.