பாலவாக்கத்துக் கடலோரத்தில் குடியேறுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற சித்திரையில் எங்கள் தெருக்கோடியில் ஆழ்துளைக் கிணறு (போர்) போடும் ரிக் வண்டி வந்து நின்றதைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. அங்கே புதிதாக வீடு வாங்கியிருந்த இளைஞர், 2003-ஆம் ஆண்டு நான் செய்த அதே காரியத்தை, அன்று எனக்கிருந்த அதே துணிச்சலோடு செய்துகொண்டிருந்தார். சென்னையின் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே கிடக்கும் இந்த மணற்பட்டையில் நான் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக இருக்கிறேன். கொட்டிவாக்கம், பாலவாக்கம், நீலாங்கரை என்று எந்த ஊரை எடுத்தாலும் ஆட்கள்தான் மாறுகிறார்கள், தவறுகள் அப்படியே இருக்கின்றன. ஜன்னல் கம்பி துருப்பிடிக்கும், ஏ.சி.யின் வெளிப்பெட்டி சீக்கிரம் அரித்துப்போகும் என்பனவற்றை முதல் ஆண்டிலேயே எவரும் தெரிந்துகொள்வார்கள் என்பதால் அவற்றை இங்கே எழுதவில்லை.

தண்ணீர் குறைந்தால் இன்னும் ஆழமாகத் துளைப்பது

இதைப் பற்றி மட்டும் நீளமாகவே எழுதுகிறேன், ஏனெனில் இதை நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சல் அடங்குவதில்லை.

2003 கோடையில், வட்ட உறைகளை அடுக்கி இறக்கிய எங்கள் உறை கிணற்றின் அடியில், 22 அடி ஆழத்தில், குடம் முங்கும் அளவுக்குத்தான் தண்ணீர் கிடந்தது. உறை இறக்கிக் கொடுத்த பெரியவரை அழைத்துக் கேட்டேன். "இது மேத்தண்ணி ஊரு சார். தூர் வாரிட்டு, விட்டு விட்டு எறைங்க. கீழ போனா கடல்தான் இருக்கு" என்றார். நாலெழுத்துப் படித்த மிதப்பில் அவர் பேச்சைத் தட்டிவிட்டு, நாற்பதாயிரம் ரூபாய் செலவில் 85 அடிக்குத் துளை போட்டு, சப்மெர்சிபிள் மோட்டாரும் இறக்கினேன். ஒரு மாதம் தண்ணீர் கொட்டோ கொட்டென்று கொட்டியது. அடுத்த மாதம் பருப்பு வேகவில்லை என்று வீட்டில் புகார் வந்தது. அதற்கடுத்த வாரம் காப்பி கரித்தது.

நடந்தது இதுதான். இந்த மணலுக்கடியில் இருக்கும் நல்ல தண்ணீர் முழுவதும் மழை கொடுத்தது; அதற்குக் கீழே, கடலிலிருந்து ஊறி வந்த உப்புநீர் இருக்கிறது. உப்புநீர் நன்னீரை விடச் சுமார் இரண்டரை விழுக்காடு கூடுதல் கனமானது என்பதால் மழைநீர் அதன்மேல் மிதக்கிறது. கணக்குப்படி, நன்னீர் மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 அடி வரை நன்னீர் இருக்கும். இதைத் திருப்பிப் போட்டுப் பார்த்தால்தான் ஆபத்து புரியும்: நாம் இறைத்து இறைத்து மேல்மட்டத்தை 1 அடி இறக்கினால், கீழேயுள்ள உப்புநீர் காலப்போக்கில் 40 அடி மேலேறிவிடக்கூடும். துளை உப்புநீரைத் தொடாவிட்டாலும், மோட்டார் இழுக்கிற இழுப்பில் அது கூம்பு போல எழும்பி வந்து குழாயைத் தொட்டுவிடும். அதன்பின் சிறிதளவு கலந்தாலே போதும். ஒரு லிட்டர் கடல்நீரில் 19 கிராம் அளவுக்குக் குளோரைடு இருப்பதால், ஐம்பது குடத்தில் ஒரு குடம் கடல்நீர் சேர்ந்தாலே, குடிநீருக்கு இந்தியத் தரநிலை ஏற்கும் 250 மில்லிகிராம் அளவைத் தண்ணீர் தாண்டிவிடும்.

என்னுடைய துளையால் பக்கத்து வீட்டுக் கிணறும் கரிக்கத் தொடங்கியது. அந்த அம்மாள் இரண்டு ஆண்டுகள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் மீது எனக்குக் குறையில்லை. மோட்டாரை நிறுத்திய பிறகும் மூன்று பருவமழை கடந்துதான் கிணறு பழைய சுவைக்குத் திரும்பியது.

முட்டாள்தனம் அதோடும் நிற்கவில்லை. குளிக்கக்கூட உதவாத அந்தத் தண்ணீரைக் கட்டட வேலைக்காவது பயன்படுத்தலாமே என்று, 2004-இல் மாடியில் ஓர் அறை கட்டியபோது கலவைக்கும், கான்கிரீட்டை நனைத்து வைக்கும் க்யூரிங்குக்கும் அதையே விட்டேன். கம்பி வைத்த கான்கிரீட்டுக்கான கலவைநீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இருக்கக்கூடாது என்று கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 456 சொல்கிறது. அதை நான் படித்தது தளம் பெயர்ந்த பிறகுதான். குளோரைடு கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும், துரு பருத்துக் கான்கிரீட்டை உள்ளிருந்து பிளக்கும். ஒரு நாள் காலையில், கம்பி ஓடும் வரிசையிலேயே கூரை நேர்க்கோடாக வெடித்திருந்தது. அடுத்த மழைக்காலத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பத்தை கட்டில் மேல் விழுந்தது. போரும் மோட்டாரும் தின்ற பணத்தைப் போல ஆறு மடங்கு அந்தக் கூரை தின்றது.

இங்கே செய்ய வேண்டியது மிகவும் எளியது. உறை கிணறோ, ஃபில்டர் பாயின்ட் எனும் ஆழமில்லாத வடிகுழாய்க் கிணறோ மேல்நீரோடு நிற்க வேண்டும். சிறிய மோட்டாரைக் காலையில் சிறிது நேரம், மாலையில் சிறிது நேரம் ஓட்ட வேண்டும். லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன என்று காட்டும், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டி.டி.எஸ். மீட்டரால் மாதம் ஒருமுறை கிணற்று நீரைச் சோதித்து எழுதிவைக்க வேண்டும். மழைநீர் சேகரிப்பு 2003-லேயே தமிழ்நாட்டில் கட்டாயமாக்கப்பட்டது என்றாலும், மாடிக்குழாயைத் தெருவை நோக்கித் திருப்பிவைத்திருக்கும் வீடுகளை இன்றும் காண்கிறேன். சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. 1,000 சதுர அடி மொட்டைமாடியில் மட்டும் அது ஏறத்தாழ 1,30,000 லிட்டர். களிமண் ஊரில் இருப்பவர்கள் ஏங்கும் மணல் நமக்கு இலவசமாக வாய்த்திருக்கிறது. விடுகிற தண்ணீரையெல்லாம் அது குடித்துக்கொள்ளும்.

தெருக்கோடி இளைஞர் 90 அடி போனார். ஆடி மாதம் ஒரு பாட்டிலில் தண்ணீர் கொண்டுவந்தார். என் மீட்டர் 3,100 காட்டியது. பெரியவர் இப்போது இல்லை. அவருடைய மகனின் எண்ணைக் கொடுத்தனுப்பினேன்.

'ஸ்டெயின்லெஸ்' என்ற சொல்லை நம்புவது

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று கடையில் சாதாரணமாகத் தருவது 304 ரகம். கடற்காற்றில் ஓராண்டுக்குள் அதில் டீ சிந்தியது போலப் பழுப்புத் திட்டு வரும். மாலிப்டினம் கலந்த 316-ஐக் கேட்டு வாங்குங்கள்; பில்லிலும் எழுதச் சொல்லுங்கள்.

காலையிலேயே மேற்கு ஜன்னலைத் திறப்பது

மே, ஜூன் மாதங்களில் கடற்காற்று கரையேறும் வரை உலர்ந்த மேல்காற்றே வீசும். அது வரை மூடியே வையுங்கள்.

கடலைப் பார்த்து விளக்குப் போடுவது

கடற்கரை வீடு வாங்கியவர்களில் பலர் முதலில் செய்வது, மாடியில் கடலை நோக்கி ஒரு ஃபோகஸ் விளக்கு மாட்டுவதுதான். ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் (ஆலிவ் ரிட்லி கடலாமைகள்) இந்தக் கரையில் ஏறி முட்டையிடுகின்றன. பொரிந்து வரும் குஞ்சுகள் இருட்டில் எந்தத் திசை வெளிச்சமாகத் தெரிகிறதோ அதையே கடல் என்று எண்ணி ஊர்கின்றன. 1988 முதல் மாணவர்கள் இந்தப் பகுதியில் இரவில் கரையோரமாக நடந்து, முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் சேர்த்துவருகிறார்கள். அவர்கள் கண்ணில் படாத குழிகளும் உண்டு. ஒருமுறை விடியற்காலையில் ஒரு வீட்டின் கேட் அருகே, தீப்பெட்டியை விடச் சற்றே பெரிய ஒரு குஞ்சு தார்ச்சாலையில் துடுப்பை அடித்துக்கொண்டிருந்தது. அதன் தடத்தை மணலில் பின்தொடர்ந்து பார்த்தேன். கடலுக்கு முதுகைக் காட்டி, அந்த வீட்டு விளக்கை நோக்கி நேராக வந்திருந்தது.

கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகளைப் பத்திரம் பதிந்த பிறகு படிப்பது

கடலோரத்தில் எங்கே, என்ன கட்டலாம் என்பதைச் சொல்லும் விதிகள் அவை. முன்பே படியுங்கள்.

அமைதியாகத் தெரியும் இடத்தில் கடலில் இறங்குவது

இறங்காதீர்கள். இரு பக்கமும் அலை உடைய, நடுவில் மட்டும் உடையாமல் அடங்கித் தெரியும் சந்துதான் பெரும்பாலும் கரைக்கு வந்த நீர் திரும்பப் பாய்கிற வழி. குப்பத்துப் பிள்ளைகள் குளிக்கிறார்களே என்று கேட்பவர்கள், அந்தப் பிள்ளைகள் எந்தச் சந்தில் குளிப்பதில்லை என்பதை ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்து கவனிக்கலாம்.