வயதானவர்களின் கவனச்சிதறல்: நாம் செய்யும் தவறுகள்

பேசிக்கொண்டிருக்கும்போதே பெரியவரின் பார்வை டிவி பக்கம் போனால், 'காதிலேயே வாங்க மாட்டேங்கிறார்' என்று சலித்துக்கொள்கிறோம். முதல் தவறே இதுதான். முதுமையில் அதிகம் அடிவாங்குவது, வேண்டாததை ஒதுக்கும் திறன். அமெரிக்க நரம்பியல் ஆய்வாளர் ஆடம் கசாலியின் குழுவினர் 2005-இல் ஸ்கேன் வழியாக இதைக் காட்டினார்கள். இயற்கைக் காட்சிகளை நினைவில் வைக்கச் சொன்னபோது, அவற்றுக்கான மூளைப் பகுதி இளையோர், முதியோர் இருவருக்குமே கூடுதலாக இயங்கியது. காட்சிகளை விட்டுவிட்டு முகங்களை மட்டும் பார்க்கச் சொன்னபோது இளையோருக்கு அது அடங்கியது, முதியோருக்கு அடங்கவில்லை. ஆகவே 'கவனமா கேளுங்க' என்று அதட்டிப் பயனில்லை. டிவியை அணைத்துவிட்டு, முகம் பார்த்து, ஒரு நேரத்தில் ஒரு விஷயம் சொல்லுங்கள். கத்துவதும் வீண்: வயதில் முதலில் மங்குவது 'ஸ', 'ஃப' போன்ற மெல்லிய உயர் ஒலிகள். குரலை உயர்த்தினால் அவை தெளிவாகிவிடாது.

இடையில் குறுக்கிடுவதை யாரும் தவறாகவே நினைப்பதில்லை. ஆனால் ஆபத்து அதில்தான் அதிகம். அதே ஆய்வகத்தின் 2011 ஆய்வில், குறுக்கே வந்ததை விட்டுவிட்டுப் பழைய வேலைக்குத் திரும்புவதில் முதியோர் மூளை தடுமாறியது. வாரத்துக்கான மாத்திரைகளைப் பெட்டியில் பிரிக்கும்போது போன் வந்தால், ஒரு வேளை விடுபடும் அல்லது இரண்டு முறை விழும். போனை எடுக்கும் முன் அட்டையை அந்த நாளின் அறை மேலேயே வைத்துவிட வேண்டும். திரும்பி வந்ததும் அந்த அறையைக் கொட்டி முதலிலிருந்து எண்ண வேண்டும்.

மூளைப் பயிற்சி விளையாட்டுகளை நம்பிப் பணம் கட்டுவதும் உண்டு. கிடைக்கும் தேர்ச்சி பெரும்பாலும் அந்த விளையாட்டோடு நின்றுவிடும்.

அதைவிட முக்கியம், சளிக்கும் தூக்கத்துக்கும் தாமாக வாங்கிப் போடும் மாத்திரை. குளோர்பெனிரமின், டைபென்ஹைட்ரமின் போன்ற பழைய வகை மருந்துகள், கவனத்துக்குத் தேவையான அசிட்டைல்கோலின் என்ற மூளை ரசாயனத்தைத் தடுக்கின்றன. 65 வயதைக் கடந்தவர்கள் தவிர்க்க வேண்டிய மருந்துகளின் பீர்ஸ் பட்டியலில் இரண்டுமே இருக்கின்றன. டாக்டரிடம் போகும்போது இவற்றின் அட்டைகளையும் எடுத்துப் போங்கள்.

எல்லாவற்றையும் 'வயசாச்சு' என்று தள்ளிவிடுவதுதான் மன்னிக்க முடியாத தவறு. முதுமையின் கவனக்குறைவு வருடக்கணக்கில் மெல்ல வரும். நேற்றுவரை நன்றாக இருந்தவர் இன்று பேச்சைத் தொடர முடியாமல் திணறினால் அது டெலிரியமாக, அதாவது திடீர் மனக்குழப்பமாக இருக்கலாம்: தொற்று, நீரிழப்பு, புதிய மருந்து என ஏதோ ஒன்று பின்னால் இருக்கும். கிழமைகளைத் தலைகீழாகச் சொல்லச் சொல்லுங்கள். வழக்கமாகச் சொல்லக்கூடியவர் பாதியில் நின்றுவிட்டால், அன்றே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். சரியாகச் சொல்லிவிட்டாலும் திணறல் தொடர்ந்தால் காத்திருக்காதீர்கள்.