உச்சிப்புளி மணலில் பன்னீர் திராட்சை: இலை கருகல் நின்றது எப்படி

ராமநாதபுரம் மாவட்டத்தில் எங்கள் பக்கத்து போர்வெல் தண்ணீரில் திராட்சை வருமா என்று கேட்கிறவர்களுக்காக இது. கம்பத்தில் இருந்து கொண்டுவந்த பன்னீர் குச்சிகள் அழகாகத் துளிர்த்துப் பந்தல் ஏறின, ஆனால் பங்குனி வெயில் தொடங்கியதும் முதிர்ந்த இலைகள் ஓரத்தில் இருந்து உள்நோக்கிக் கருக ஆரம்பித்தன. மருந்துக் கடையில் பூஞ்சணம் என்று ஒரு புட்டியைத் தலையில் கட்டினார்கள், அது கேட்கவே இல்லை. தண்ணீரைச் சோதனைக்குக் கொடுத்த பிறகுதான் விஷயம் தெரிந்தது: உப்பில் இருக்கும் குளோரைடு அதிகம், இலையைக் கருக்கியது அதுதான்.

சரி, வேரையே மாற்றுவோம் என்று டாக்ரிட்ஜ் என்ற வேர்ச்செடியில் (வேருக்காக மட்டும் வளர்க்கும் திராட்சை) பன்னீரை ஒட்டுக்கட்டினேன். டெக்சாஸ் காட்டுத் திராட்சை வழி வந்தது அது. உப்பையும் வறட்சியையும் தாங்கும், மணலில் வரும் வேர்முடிச்சு நூற்புழுவுக்கும் அசையாது, மகாராஷ்டிரத் தோட்டங்களில் பெரும்பாலும் இதுதான். ஒரு தொல்லை, கொடி மதம்பிடித்து வளரும், யூரியாவைக் குறைக்காவிட்டால் இலைதான் மிஞ்சும்.

அப்புறம் உரம். சாதாரணப் பொட்டாஷில் ஏறக்குறைய பாதி எடை குளோரைடுதான், உப்புத்தண்ணீர்க்காரன் அதைப் போடுவது வீண்வேலை. சல்பேட் பொட்டாஷுக்கு மாறினேன். கூரை மழைநீரைத் தொட்டியில் பிடித்து வைத்து, இடையிடையே வேர்ப்பகுதி நன்றாக நனைந்து உப்பு கீழே இறங்கும்வரை விடுகிறேன், மேலே பனையோலை மூடாக்கு.

ஐப்பசி மழையில் அடிச்சாம்பல் என்ற பூஞ்சண நோய் வரும், அதனால் கொடியை வெட்டிவிடும் கவாத்து தையில்தான். சித்திரை, வைகாசியில் பழம். வைன் போடலாமே என்று மச்சான் நச்சரிக்கிறார், உரிமம் இல்லாமல் அந்த வம்பு எதற்கு, இப்போதைக்குச் சாறுதான்.