மினசோட்டாவில் பள்ளி ஐஸ் ஹாக்கி அணியின் பருவத்தையும் பயணங்களையும் திட்டமிடுவது எப்படி?

மினசோட்டா மாநிலத்தில் பள்ளி ஐஸ் ஹாக்கி ஆட்டம் தலா 17 நிமிடங்கள் கொண்ட மூன்று பகுதிகளாக, மொத்தம் 51 நிமிடங்கள் நடக்கிறது. அந்த 51 நிமிடங்களுக்காக, மினியாபொலிஸ் புறநகரிலிருந்து வடக்கே ரோசோ, வார்ரோட் போன்ற ஊர்களுக்குப் போகும் பிள்ளைகள் ஒரு வழிக்கே ஏறத்தாழ ஆறு மணி நேரம் பேருந்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். எங்கள் மகன் பள்ளி அணியில் ஆடிய மூன்று பருவங்களிலும் பயண ஏற்பாடுகளைக் கவனித்த பெற்றோரில் நானும் ஒருவர். முதல் ஆண்டில் நாங்கள் செய்த பிழைகளுக்கெல்லாம் வேர் ஒன்றுதான்: புறப்படும் நேரத்தையும் ஆட்டம் தொடங்கும் நேரத்தையும் கணக்கிட்ட நாங்கள், பிள்ளைகள் வீடு வந்து சேரும் நேரத்தை எங்குமே குறித்து வைக்கவில்லை. ஆகவே, வீடு திரும்பும் நேரத்தை முதலில் வைத்து, அங்கிருந்து பின்னோக்கிப் பருவம் முழுவதையும் திட்டமிடும் முறையை, இந்த ஆண்டு முதன்முறையாக அணியில் சேரும் பிள்ளைகளின் பெற்றோருக்காக எழுதுகிறேன்.

அட்டவணை கைக்கு வந்ததும்

ஆண்கள் அணிக்கு நவம்பர் நடுவில் பயிற்சி தொடங்குகிறது. வழக்கமான ஆட்டங்கள் ஏறத்தாழ 25; அவை பிப்ரவரி நடு வரை நீள்கின்றன. அதன்பின் பள்ளிகளின் அளவைப் பொறுத்து வகுத்த ஒவ்வொரு பிரிவிலும் எட்டு வட்டாரங்களாகத் தகுதிப் போட்டிகள் நடந்து, வட்டாரத்துக்கு ஓர் அணியாக வென்றவர்கள் மார்ச் தொடக்கத்தில் செயின்ட் பால் நகரில் மாநிலப் போட்டியில் ஆடுகிறார்கள். பெண்கள் அணியின் பருவம் சற்று முன்னதாகவே தொடங்கி, முன்னதாகவே முடிந்துவிடும். விளையாடுவதற்கு உடல்தகுதி இருப்பதாக, மூன்று ஆண்டுகளுக்குள் மருத்துவர் பரிசோதித்துக் கொடுத்த சான்று வேண்டும் என்பதால், உங்கள் பிள்ளையின் சான்று எப்போது காலாவதியாகிறது என்பதை ஆகஸ்டிலேயே பார்த்துவிடுங்கள். அக்டோபரில் மருத்துவரிடம் நேரம் கிடைப்பது கடினம்.

அட்டவணை கிடைத்ததும் முதலில் தேட வேண்டியவை, வார நாள்களில் வரும் வெளியூர் ஆட்டங்கள். முதன்மை அணியின் ஆட்டம் மாலை 7 மணிக்குத் தொடங்குகிறது என்று கொள்ளுங்கள். இடைவேளைகளில் பனித்தளத்தைச் செப்பனிடும் நேரத்தையும் சேர்த்தால் அது முடிவதற்கு 9 மணியைத் தாண்டிவிடும். குளித்து, உடை மாற்றி, பைகளை ஏற்றிப் பேருந்து நகர்வதற்குள் 10 மணி. மூன்று மணி நேரத் தொலைவு என்றால் பள்ளி வாசலுக்கு வந்து சேர்வது நள்ளிரவு 1 மணிக்கு. பிள்ளை படுக்கைக்குப் போகும்போது மணி 2 ஆகியிருக்கும். மறுநாள் காலை வழக்கம்போல் பள்ளி உண்டு. இந்தக் கணக்கை ஒவ்வொரு வெளியூர் ஆட்டத்துக்கும் எழுதி, பக்கத்தில் அந்த வாரத்துத் தேர்வுகளையும் குறித்தால், எந்த ஆசிரியரிடம் எப்போது முன்கூட்டிப் பேச வேண்டும் என்பது தானாகவே தெளிவாகும். ஆட்டத்துக்கு மறுநாள் காலையில் கேட்கும் சலுகையை விட இரண்டு வாரங்களுக்கு முன்பு கேட்கும் சலுகைக்கு எந்த ஆசிரியரும் எளிதாக இசைவார். வீட்டுப்பாடத்தைப் போகும் வழியிலேயே முடிக்கச் சொல்லுங்கள். திரும்பும் வழியில் செய்துவிடுவதாகப் பிள்ளைகள் சொல்வதை ஏற்க வேண்டாம்.

இதெல்லாம் மினியாபொலிஸ், செயின்ட் பால் பகுதிக் குடும்பங்களுக்குத்தான் புதிது. கனடா எல்லையை ஒட்டிய இன்டர்நேஷனல் ஃபால்ஸ் அணிக்கு, டுலூத்துக்குப் போய் ஆட வேண்டும் என்றாலே 53ஆம் எண் நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 260 கிலோமீட்டர் பயணம். அதே தொலைவை அன்றிரவே திரும்பவும் கடக்க வேண்டும். அந்த ஊர்ப் பெற்றோருக்குப் பருவம் முழுவதும் இப்படித்தான் என்பதை நினைத்துக்கொண்டால், நம் சலிப்பு கொஞ்சம் அடங்கும்.

பை, ஸ்கேட், கையுறை

பயணத்தில் நான் எல்லாவற்றையும் விட அதிகமாக வலியுறுத்துவது ஈரத்தைப் பற்றி. ஆட்டம் முடிந்து கழற்றும்போது தோள்கவசம், கணுக்கால் வரை நீளும் முழங்கால் கவசம், கையுறை, ஸ்கேட் எல்லாமே வியர்வையில் ஊறியிருக்கும். அவற்றை அப்படியே பையில் திணித்துப் பேருந்தின் அடிப்பெட்டியில் போட்டு, வெளியே பூஜ்யத்துக்குக் கீழ் 25 டிகிரி குளிர் இருக்கும் இரவில் விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதை நாங்கள் முதல் ஆண்டில் ஒரு விடுதியின் வாசலில் கற்றோம். அனைவரும் களைத்திருந்ததால், காலையில் எடுத்துக்கொள்ளலாம் என்று பைகளைப் பேருந்திலேயே விட்டுவிட்டோம். மறுநாள் திறந்தபோது மகனின் கையுறைகள் பலகையாக விறைத்து, விரல்கள் ஐந்தும் விரிந்தபடி நின்றன. அவன் ஒன்றை முழங்காலில் வைத்து மடக்கிப் பார்த்தான். உள்ளங்கைத் தோல் தையலோரமாகப் பிளந்தது. அன்றைய ஆட்டத்தைச் சற்றே பெரிய இரவல் கையுறையோடு ஆடினான்.

அதனால் பைகள் ஒருபோதும் இரவில் பேருந்தில் தங்கக் கூடாது. அறைக்குக் கொண்டுவந்ததும் எல்லாவற்றையும் வெளியே எடுத்து விரித்து வையுங்கள். ஸ்கேட்டின் உள்தட்டைக் கழற்றி, உள்ளே செய்தித்தாளைச் சுருட்டித் திணியுங்கள். ஈரத்தை அது நன்றாக உறிஞ்சும். ஹீட்டருக்கு மிக அருகில் வைத்தால் பசை இளகி ஸ்கேட்டின் வடிவம் கெடும். இரண்டு அடியாவது தள்ளி வையுங்கள். பிளேடைத் துணியால் துடைத்த பிறகு துணி உறையைத்தான் மாட்ட வேண்டும். கடினமான பிளாஸ்டிக் உறை தரையில் நடப்பதற்கு மட்டுமே; அதை மாட்டியபடியே பையில் வைத்தால் உள்ளே தங்கும் நீரால் ஒரே இரவில் துரு பிடித்துவிடும். பிளேடைச் சாணை பிடிப்பதைப் புறப்படுவதற்கு முந்தைய நாள் பயிற்சிக்கு முன்பே முடித்துவிடுங்கள். விளிம்பில் குறை இருந்தால் அது பயிற்சியிலேயே தெரிந்துவிடும், சரிசெய்யவும் நேரம் இருக்கும்.

ஒவ்வொரு பையிலும் மாற்று ஸ்கேட் கயிறும், மாற்று மட்டை ஒன்றும், தலைக்கவசத்தின் திருகுகளுக்கு ஏற்ற ஸ்க்ரூடிரைவரும், இரண்டு வாய்க்காப்பும் இருக்கட்டும். கழுத்துக்காப்பை விட்டுவிடாதீர்கள். மினசோட்டாவின் ஹிபிங் ஊரில் வளர்ந்து பள்ளி அணியில் ஆடிய ஆடம் ஜான்சன், 2023 அக்டோபரில் இங்கிலாந்தில் நடந்த ஆட்டமொன்றில் ஸ்கேட் பிளேடு கழுத்தில் வெட்டியதால் இறந்தார். அதன்பின் 2024 ஆகஸ்ட் 1 முதல் இளையோர் ஆட்டங்களுக்குக் கழுத்துக்காப்பை யூஎஸ்ஏ ஹாக்கி அமைப்பு கட்டாயமாக்கியது. புழுக்கமாக இருக்கிறது என்று பிள்ளைகள் முதல் வாரத்தில் முறையிடுவார்கள். இரண்டாம் வாரத்தில் பழகிவிடும்.

சாப்பாடு

ஆட்டத்துக்கு மூன்று, நான்கு மணி நேரத்துக்கு முன்பு முழுச் சாப்பாடு, ஒரு மணி நேரத்துக்கு முன்பு வாழைப்பழம் போல எளிதில் செரிப்பது ஒன்று, முடிந்ததும் உடனே பாலோ ரொட்டியோ, பிறகு பேருந்தில் சூடாக ஏதேனும் என்று வகுத்துக்கொண்டால் போதும். இரவு 10 மணிக்கு மேல் சிற்றூர்களில் திறந்திருக்கும் கடையை நம்பிப் போகக் கூடாது. நான் பெரிய ஹாட்பேக்கில் எலுமிச்சைச் சாதம் கொடுத்தனுப்புவேன். குளிர்ந்தாலும் ருசி குறையாது என்பதால் மற்றப் பிள்ளைகளும் கேட்டு வாங்கிச் சாப்பிடத் தொடங்கினார்கள். ஆனால் தாளிப்பில் வேர்க்கடலையை விட்டுவிட வேண்டும், ஏனெனில் அணியில் ஒருவருக்காவது கடலை ஒவ்வாமை இருக்கக்கூடும். யார் யாருக்கு என்ன ஒவ்வாது என்ற பட்டியலைப் பருவத் தொடக்கத்திலேயே கேட்டு வாங்கி, பேருந்தில் போகும் பெரியவரிடம் கொடுத்துவிடுங்கள்.

தகுதிச்சுற்றுக்கும் மாநிலப் போட்டிக்கும் இன்னொரு வேளைச் சாப்பாட்டைக் கூடுதலாகக் கட்டுங்கள். அங்கே சமநிலையில் ஆட்டம் முடிவதில்லை. யாராவது கோல் போடும் வரை கூடுதல் நேரம் தொடரும். 1996 மாநிலப் போட்டியின் அரையிறுதியில் ஆப்பிள் வேலி பள்ளி, டுலூத் ஈஸ்ட் பள்ளியை 5–4 என்று வென்றபோது ஐந்தாவது கூடுதல் நேரம் நடந்துகொண்டிருந்தது; கடிகாரம் நள்ளிரவு 1.30ஐக் கடந்திருந்தது.

சாலையும் வானிலையும்

மினசோட்டாவில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை, 1996 பிப்ரவரி 2 அன்று டவர் என்ற ஊரில் பூஜ்யத்துக்குக் கீழ் 51 டிகிரி செல்சியஸ். அந்த அளவுக்குப் போகாவிட்டாலும், பேருந்து வழியில் நின்றுவிட்டால் குளிர் உயிரைப் பறிக்கக்கூடும் என்பதை மனத்தில் வைத்தே ஒவ்வொரு பயணத்துக்கும் ஏற்பாடு செய்யுங்கள். பிள்ளைகள் பள்ளி அணியின் மெல்லிய மேலங்கியை மட்டும் போட்டுக்கொண்டு ஏற விரும்புவார்கள். கனத்த கோட்டு, பனிக்காலணி, தொப்பி மூன்றும் இருக்கையின் மேல்தட்டில் இருந்தே ஆக வேண்டும், அடிப்பெட்டியில் அல்ல. ஓர் ஆளுக்கு ஒரு போர்வை, குடிநீர், கைபேசி பவர்பேங்க் ஆகியவையும் அவ்வாறே. புறப்படுவதற்கு முன் மாநிலப் போக்குவரத்துத் துறையின் 511 சேவையில் சாலை நிலவரத்தைப் பாருங்கள். திரும்புவதற்கு முன் மறுபடியும் பாருங்கள். வடமேற்குச் சமவெளியில் புதிதாகப் பனி பெய்யாமலே, காற்று ஏற்கெனவே விழுந்த பனியை வாரி இறைத்துச் சாலையை முற்றிலும் மறைத்துவிடும். ஓட்டுநர் ‘இன்றிரவு வேண்டாம்’ என்றால் அது முடிவான பேச்சு. பயிற்சியாளரோ பெற்றோரோ அதன்மேல் வாதாடக் கூடாது.

ரோசோவும் வார்ரோடும் 11ஆம் எண் நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 35 கிலோமீட்டர் இடைவெளியில் இருப்பதால், வெள்ளியன்று ஓர் ஊரிலும் சனியன்று மற்றோர் ஊரிலும் ஆடும்படி வார இறுதிப் பயணமாக அமைக்கலாம். விடுதி அறைகளைக் கோடையிலேயே பதிவு செய்யுங்கள். லேக் ஆஃப் த வுட்ஸ் ஏரி உறைந்ததும் பனிக்கட்டியில் துளையிட்டு மீன்பிடிக்க வருபவர்களால் அப்பகுதி விடுதிகள் நிரம்பிவிடுகின்றன. போகும் வழியில் அந்த ஊர்களைப் பற்றிப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். இரண்டாயிரம் பேர் கூட இல்லாத வார்ரோடைச் சேர்ந்தவர்கள், 1960இலும் 1980இலும் ஒலிம்பிக் தங்கம் வென்ற அமெரிக்க அணிகள் இரண்டிலும் ஆடியிருக்கிறார்கள். இதைக் கேட்டபின் அந்த ஊர்ப் பனித்தளத்தில் இறங்கும் பிள்ளையின் முகமே வேறாக இருக்கும்.

அடிபட்டால்

2011 டிசம்பரில் ஜாக் ஜப்லோன்ஸ்கி என்ற பள்ளி மாணவர், ஆட்டத்தில் பின்னாலிருந்து மோதப்பட்டுத் தடுப்புச்சுவரில் விழுந்து முதுகுத்தண்டு முறிந்து முடங்கினார். அடுத்த மாதமே மினசோட்டாப் பள்ளி ஹாக்கியில் பின்னாலிருந்து மோதுவதற்கும், சுவரில் அறையும்படி தள்ளுவதற்கும் ஐந்து நிமிடப் பெருந்தண்டனை விதிக்கும்படி விதி கடுமையாக்கப்பட்டது. இந்த இரண்டையும் உங்கள் பிள்ளைக்குப் பெயர் சொல்லி விளக்குங்கள். எதிராளியின் முதுகில் உள்ள எண் கண்ணில் பட்டால் மோதக் கூடாது என்று சொல்வது எளிதில் மனத்தில் நிற்கும். தலையில் அடிபட்ட ஐயம் இருந்தால் அன்று மீண்டும் பனித்தளத்தில் இறங்க அனுமதி இல்லை. மருத்துவ எழுத்துச் சான்று கிடைத்த பின்பே திரும்பலாம். வெளியூரில் இருக்கும்போது இது நேர்ந்தால் யார் பிள்ளையோடு மருத்துவமனைக்குப் போவது, யார் காரில் பின்னால் வருவது என்பதைப் பயணத்துக்கு முன்பே பெயர் குறித்து முடிவு செய்துவிடுங்கள். காப்பீட்டு அட்டையின் நகல் பையில் இருக்கட்டும்.

நள்ளிரவில் பேருந்து பள்ளிக்கு வந்து சேரும்போது வண்டியை இயக்கிச் சூடாக்கி வைத்துக் காத்திருங்கள். பதினாறு வயதுப் பிள்ளை தானே ஓட்டி வந்துவிடுவதாகச் சொன்னால், ஆட்ட இரவுகளில் மட்டும் அதற்கு இசையாதீர்கள். வீட்டுக்குள் நுழைந்ததும் எவ்வளவு தூக்கம் வந்தாலும் முதல் வேலை பையைத் திறப்பதே: கையுறைகளை விரல்கள் மேல்நோக்கி இருக்கும்படி உலர்த்தும் சட்டத்தில் மாட்டி, ஸ்கேட்டின் நாக்கை முழுவதும் வெளியே இழுத்துவிட்டு, மின்விசிறியைப் போட்ட பிறகு படுக்கச் சொல்லுங்கள்.