மொட்டை மாடியில் படம் காட்டுவது எப்படி: கொருக்குப்பேட்டை ஆபரேட்டரின் குறிப்புகள்

ஒரே பிரின்ட்டை இரண்டு தியேட்டர்கள் பங்கு போட்டுக்கொண்டு ஓட்டிய காலத்தில் நான் பெட்டி சுமக்கும் பையனாக இருந்தேன். தண்டையார்பேட்டையில் முதல் ரீல் ஓடி முடிந்ததும் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு அடுத்த தியேட்டருக்குப் பறப்பேன். ரயில்வே கேட் மூடியிருந்தால் அங்கே விசில் கிளம்பிவிடும். பிறகு இருபத்தாறு ஆண்டுகள் ஆபரேட்டர் கேபினில் நின்றேன். தியேட்டரை மூடிய பிறகு வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்த என்னிடம், கல்லூரியில் சினிமா படித்துக்கொண்டிருந்த மகள் ஆஸ்கர் மிஷோவைப் பற்றிச் சொன்னாள்.

அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் நிலம் உழுத கறுப்பினத்தவர் அவர். தான் எழுதிய நாவலை 1919இல் படமாக்கியபோது, சுற்றுவட்டார விவசாயிகளிடம் பங்குகள் விற்றுப் பணம் திரட்டினார். எடுத்த படங்களை ஊர் ஊராக எடுத்துப் போய், தியேட்டர்காரர்களிடம் பேசி அவரே ஓட்டவைத்தார். பெட்டி சுமந்தவன் எனக்கு அந்த மனிதர் உடனே புரிந்துவிட்டார். அவருக்குப் பிறகு வந்த கறுப்பின இயக்குநர்களில் பலருக்கும் இதே பாடுதான். 1993இல் ஹைலே கெரிமா எடுத்த ‘சங்கோஃபா’வை விநியோகஸ்தர்கள் ஏற்கவில்லை, அவரும் மனைவியும் தியேட்டர்களை வாடகைக்கு எடுத்துத் தாங்களே திரையிட்டார்கள். இந்தப் படங்களை நேசிப்பவர்கள் கைப்பேசியில் தனியாகப் பார்த்து நிறுத்திக்கொள்ளாதீர்கள். உங்கள் தெருவுக்கும் காட்டுங்கள். எப்படி என்று சொல்கிறேன்.

முதல் படமாக மிஷோவின் ‘விதின் அவர் கேட்ஸ்’ (1920) படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றேகால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். அமெரிக்காவில் காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டது. ஆனால் புதிதாகச் சேர்த்த இசைக்கு உரிமை இருக்கலாம்; ஆகவே ஒலியை அணைத்துவிடுங்கள். மௌனப் படம் என்பதால் காட்சிகளுக்கு நடுவே வரும் எழுத்து அட்டைகளைத் தமிழில் படித்துக் காட்டலாம். அந்தப் படத்தின் கதையே பெரிய கதை. பல பத்தாண்டுகள் தொலைந்துபோனதாகக் கருதப்பட்டது, கடைசியில் ஒரே ஒரு பிரதி ஸ்பெயினில் கிடைத்தது. பெரும்பாலான அட்டைகள் ஸ்பானிஷில் இருந்ததால் அவற்றைத் திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார்கள். அங்கிருந்து நாம் தமிழுக்குக் கொண்டுவருகிறோம்.

படிப்பவரைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும். எங்கள் தெருவில் ரேஷன் கார்டு விண்ணப்பம் முதல் கல்யாணப் பத்திரிகை வரை எல்லோருக்கும் படித்துச் சொல்லும் ஓர் அக்கா இருக்கிறார், அவரிடம் கொடுத்தோம். நடித்துப் படிக்கக் கூடாது, கடிதம் படிப்பதுபோல நிதானமாகப் படித்தால் போதும். பெரிய எழுத்தில் எழுதிக்கொடுத்து, படத்துடன் மூன்று முறையாவது ஒத்திகை பாருங்கள். இதைச் செய்யாமல் நான் நடத்திய முதல் திரையிடலில் இருபதாவது நிமிடம் பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். படத்தின் மீது குறையில்லை, தவறு என்னுடையது. இசைக்கு, கானா பாடுபவர்களுடன் வாசிக்கும் டோலக் கலைஞர் ஒருவரை உட்காரவைத்தோம். கறுப்பினக் குழந்தைகளின் பள்ளிக்குப் பணம் திரட்ட ஒரு பெண் வடக்கே போகும் காட்சிகளில் மெல்ல வாசித்தார். கும்பல் ஒரு குடும்பத்தின் தாய் தந்தையைத் தூக்கிலிடும் காட்சி வந்ததும், நாங்கள் யாரும் சொல்லாமலே கையை எடுத்துவிட்டார். அந்தக் காட்சி வரும் என்பதைப் பெற்றோர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

திரைக்கு வேட்டியோ படுக்கை விரிப்போ கட்டாதீர்கள். மாலையில் கடல் காற்று வந்தால் முகங்கள் நெளியும். மாடிப்படி அறையின் சுவரை வெள்ளையடித்துக்கொள்ளுங்கள், அதுவே நல்ல திரை. ஸ்பீக்கரைத் திரைக்குப் பக்கத்தில் வையுங்கள். பலர் புரொஜெக்டருக்கு அருகில் வைத்துவிடுகிறார்கள், பேசுபவர் முதுகுக்குப் பின்னால் நிற்பதுபோல் ஆகிவிடுகிறது. மின்சாரத்தை ஒரே வீட்டிலிருந்து, எர்த் உள்ள பிளக்கிலிருந்து எடுங்கள். மாடியின் கைப்பிடிச் சுவர் உயரமாக இல்லையென்றால் குழந்தைகளை நடுவில் உட்காரவையுங்கள். பொங்கலுக்குப் பிறகு மார்ச் வரை நல்ல காலம், மழைப் பயம் குறைவு. எங்கள் பக்கத்தில் சரக்கு ரயில் சத்தத்தைத் தவிர்க்க முடியாது. பேசும் படமானால் அந்த நேரம் நிறுத்திவைத்துவிட்டுத் தொடருவேன்.

இரண்டாவது படமாக நான் சொல்வது சார்லஸ் பர்னெட்டின் ‘கில்லர் ஆஃப் ஷீப்’. லாஸ் ஏஞ்சல்ஸில் பல்கலைக்கழக மாணவராக இருந்தபோது, கறுப்பின மக்கள் வாழ்ந்த வாட்ஸ் பகுதியில், வார இறுதி நாட்களில், பத்தாயிரம் டாலருக்கும் குறைவான செலவில் அவர் எடுத்தது. ஆடுகளை வெட்டும் கூடத்தில் வேலை செய்யும் ஒருவர், அவர் மனைவி, குழந்தைகள், தீராத அலுப்பு: அவ்வளவுதான். 1977இல் முடிந்த படம், பாடல்களின் உரிமையை வாங்கப் பணமில்லாமல் 2007 வரை தியேட்டர்களுக்கு முறையாக வரவில்லை. முப்பது ஆண்டுகள்! நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது. அதனால்தான் சொல்கிறேன், இதற்கு விநியோகஸ்தரிடம் எழுதி அனுமதி வாங்குங்கள். எத்தனை பேர் வருவார்கள், டிக்கெட் உண்டா என்பதைத் தெளிவாகக் குறிப்பிடுங்கள். கட்டணம் கேட்டால் தெருவில் வசூலித்துக் கட்டுங்கள்.

இதில் வசனம் குறைவு என்றாலும் தமிழ் சப்டைட்டில் தேவை. இலவச மென்பொருளிலேயே செய்யலாம். ஒரு நேரத்தில் இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். வசனத்தை முழுதாகப் பெயர்க்காதீர்கள். மெதுவாகப் படிப்பவர் முடிக்கும் அளவுக்குச் சுருக்குங்கள். பழைய இன்ஜின் ஒன்றை அரும்பாடுபட்டு மாடிப்படியில் இறக்கி வண்டியில் ஏற்ற, வண்டி நகர்ந்ததும் அது விழுந்து உடையும் காட்சிக்குச் சப்டைட்டிலே தேவைப்படவில்லை. மாடி முழுக்க ‘அய்யோ’ என்றது.

மூன்றாவதாக ஒரு பெண் எடுத்த படம் கட்டாயம் வேண்டும். ஜூலி டாஷின் ‘டாட்டர்ஸ் ஆஃப் தி டஸ்ட்’ (1991) அழகு. ஆனால் எங்கள் தெருப் பெண்கள் அதிகம் பேசியது கேத்லீன் காலின்ஸின் ‘லூசிங் கிரவுண்ட்’ (1982) பற்றித்தான். அவர் 1988இல் இறந்துபோனார். படத்தை மீட்டுக் கொண்டுவந்தவர் அவருடைய மகள். நான் அதைச் சொன்னபோது என் மகள் என்னைப் பார்த்தாள்.

படம் முடிந்ததும் உடனே பிளக்கைப் பிடுங்காதீர்கள். விளக்கு அணைந்த பிறகும் புரொஜெக்டரின் விசிறி தானாக நிற்கும்வரை காத்திருங்கள், இல்லையென்றால் பல்பு சீக்கிரம் போய்விடும். பெரிய விளக்குகளையும் அதுவரை போடாதீர்கள். ‘கில்லர் ஆஃப் ஷீப்’ ஓடிய இரவில் அந்த இருட்டில்தான், புளியந்தோப்பு ஆட்டுத்தொட்டியில் முப்பது ஆண்டுகள் ஆடு வெட்டும் வேலை பார்த்த பெரியவர் ஒருவர் பேச ஆரம்பித்தார். வீட்டுக்கு வந்ததும் குழந்தைகளைத் தூக்குவதற்கு முன் கையை எத்தனை முறை கழுவுவார் என்று சொன்னார். விசிறி நின்ற பிறகும் யாரும் விளக்கைப் போடவில்லை.